ஒரு பச்சைக் கண்ணுக்கு இரண்டு வாரிசு

"சார், வர்றான்!"

தகரம் இதை ரகசியமாகத்தான் சொன்னான். எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தாள். அவன் தொண்டை அப்படி. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு குரல். பட்டப்பெயர் வந்ததே அதனால்தான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் நெருங்கியது. இறந்துபோன முதலாளியின் அலமாரிக்குள் இடுப்புவரை நுழைந்திருந்த செக்கர் அசையவே இல்லை.

"சார், அவன் பாதி மாடி ஏறியாச்சு. நீங்க பாதி அலமாரியில இருக்கீங்க. நான் முழுசா மாட்டிக்கப் போறேன்."

"கத்தாதடா. ஷேவிங் பெட்டியைத் தேடறேன்."

"போற போக்குல ஷேவிங் வேறயா?"

"ஒரு மனுஷன் பொண்டாட்டிக்குத் தெரியாம எதை வெச்சிருந்தாலும் வேற எங்கயோ வெப்பான். பொண்டாட்டிக்கு மட்டும் தெரிஞ்சதை ஷேவிங் பெட்டியிலதான் வெப்பான்."

செக்கர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே எழுப்பி விடுவார் என்று பெயர் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகும் தலையை விட்டுத் தொப்பியும் போகவில்லை, அந்தப் பழக்கமும் போகவில்லை. யாரைப் பார்த்தாலும், 'இந்த ஆள் எந்த ஸ்டேஷன்ல ஏறினான்?' என்று ஒரு சந்தேகம். அதையே தொழிலாக்கிக்கொண்டார். தகரம் அவருக்குக் கார் ஓட்டுவான், பொய் சொல்லுவான், மாட்டிக்கொள்வான்.

அலமாரியின் அடித்தட்டில் இருந்து ஒரு சின்ன மரப்பெட்டி வெளியே வந்தது. பிளேடு, பிரஷ், படிகாரம். அதற்கும் கீழே பஞ்சில் சுற்றி ஒரு ரப்பர் சாமான். கட்டைவிரல் நுனி அளவில், ஒரு பக்கம் குழிந்த கிண்ணம், மறுபக்கம் பிடி. வாஷ்பேசின் அடைப்பு எடுக்கிற பம்பின் கைக்குழந்தை மாதிரி இருந்தது.

"எறும்பு வீட்டுல அடைப்பு எடுக்கறதா சார்?"

செக்கர் அதை வெளிச்சத்துக்கு நேராக, டிக்கெட் பிடிக்கிற மாதிரி விளிம்பில் பிடித்துப் பார்த்தார். பார்த்ததும் சட்டைப்பைக்குள் போட்டார். அவர் எதையாவது பேசாமல் பைக்குள் போட்டால், அது பெரிய சமாசாரம் என்று தகரத்துக்குத் தெரியும்.

கதவு திறந்தது.

"யாரு நீங்க?"

வாசலில் நின்றவனுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பக்குவமான சிரிப்பு. இடது கண் சாதாரணக் கருவிழி. வலது கண் பச்சை. ஒரே முகத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருந்தது. 'புது அண்ணன்' என்று தகரம் பெயர் வைத்திருந்த ஆள் இவன்தான்.

தகரம் முதுகில் மாட்டியிருந்த மருந்து டப்பாவைத் தட்டிக் காட்டினான். "கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்கிறவங்க சார். உங்க தங்கச்சி மேடம்தான் வரச் சொன்னாங்க."

"இந்த ரூம்ல நான் ஒரு கரப்பானைக்கூடப் பார்த்ததில்லையே."

"புதுசா வந்த ஆளுன்னா அதுங்களும் கொஞ்சம் ஒதுங்கித்தான் சார் இருக்கும்."

சொல்லிக்கொண்டே குழாயைத் தூக்கி ஒரு பீச்சு பீச்சினான். டப்பாவில் இருந்தது வெறும் குழாய்த் தண்ணீர். புது அண்ணனுக்கு அது தெரியாதே! துள்ளிப் பின்வாங்கினான். கை சட்டென்று மேலே போய் வலது கண்ணைப் பொத்திக்கொண்டது.

வலது கண்ணை மட்டும்.

இடது கண் திறந்தபடியே கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு நின்றது.

"மன்னிச்சுக்குங்க சார், கை தவறிடுச்சு" என்றான் தகரம். செக்கர் பெட்டியை அலமாரிக்குள் தள்ளிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார். அவர் மீசை லேசாகத் துடித்தது. அவர் சிரிப்பது அவ்வளவுதான்.

*

வீட்டின் கீழ்த்தளம் முழுக்க பெயிண்ட் கடை. வாசலுக்கு மேலே தெருவையே பார்த்துக்கொண்டு ஒரு பெரிய போர்டு. அதில் இரண்டே இரண்டு கண்கள், ஒன்று கருப்பு, ஒன்று பச்சை. இரு நிறக் கண் கடை என்றால் தெரியாதவர்கள் கிடையாது. முதலாளியின் கண்ணையே கடைக்கு முத்திரையாக்கி வரைந்த போர்டு அது.

முதலாளி இறந்து சில மாதம் ஆகிறது. போன வாரம் இந்தப் புது அண்ணன் வந்து நின்றான். முதலாளி கல்யாணத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் வேலை பார்த்தபோது ஒரு பெண்ணோடு பழகினாராம், அவளுக்குப் பிறந்தவன் தானாம். சாட்சி? முகத்தில்தான் இருக்கிறதே! அப்பாவுக்கு எந்தக் கண் பச்சையோ, அவனுக்கும் அதே கண் பச்சை. வீட்டம்மா அந்தக் கண்ணை வெகுநேரம் பார்த்தாராம். பிறகு ஒரே வார்த்தை: "உள்ளே வா தம்பி."

இன்று மாலை வக்கீல் முன்னிலையில் கடைச் சாவியை அவன் கையில் கொடுக்கப் போகிறார். காலேஜ் முடித்த நாளில் இருந்து கடையைக் கட்டிக் காக்கும் மகள், நாளைக்குக் காலையில் அதே கடையில் சம்பள ஆள். அவள்தான் செக்கரைக் கூப்பிட்டவள்.

"அம்மாகிட்ட மன்றாடிட்டேன் சார். ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாப்போம்னு சொன்னேன். 'என் வீட்டுல எவனும் யாரையும் டெஸ்ட் பண்ணக் கூடாது'ன்னு ஒரே கத்தல். அம்மா கத்தி நான் பார்த்ததே இல்ல."

மகள் பெயிண்ட் டப்பாவைக் கலக்கும் இயந்திரத்தில் வைத்து மூடினாள். அவளுடைய இரண்டு கண்களும் பச்சை. மழை நின்ற பிறகு இலைக்கு வருமே, அந்தப் பச்சை.

"அம்மாவும் அந்த ஆளும் கூட்டா இருக்குமோ?" தகரம் பட்டென்று கேட்டான். கடைக்கு வெளியே நின்ற வாடிக்கையாளர் ஒருவர் நிமிர்ந்தார்.

"மைக் வெச்சுக் கேளேன்டா" என்றார் செக்கர். மகளிடம் திரும்பினார். "உனக்கு முதல்ல எதுல சந்தேகம் வந்துச்சும்மா?"

"நிறத்துல சார்." அவள் மேஜையிலிருந்த நிற அட்டையை விசிறியாக விரித்தாள். நகம் ஒரு கட்டத்தில் போய் நின்றது. "அப்பாவோட பச்சை இது. இதுல கொஞ்சம் மஞ்சள் இருக்கு. வெளிய போர்டுல வரைஞ்சப்போ இதேதான் கலந்தோம். வெயில் பட்டுப் பட்டு மஞ்சள் வெளுத்துப்போச்சு. இப்போ போர்டுல இருக்கறது இது, நீலம் ஓடின பச்சை. அந்த ஆளோட கண்ணு போர்டோட பச்சை சார். அப்பாவோட பச்சை இல்ல."

தகரம் வாயைப் பிளந்தான். "போர்டைப் பார்த்து லென்ஸ் வாங்கியிருக்கான்! மேலே பொத்தினானே ஒரு கண்ணு!"

"சரி, உன் கண்ணு?" செக்கர் அவளைக் கேட்டார்.

அவள் முகம் மலர்ந்தது. "அது அப்பாவோட பச்சையேதான் சார். அச்சு அசல். அட்டையை வெச்சுப் பார்த்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. சின்ன வயசுல, 'எனக்கு எப்படிப்பா உங்க கண்ணு வந்துச்சு?'ன்னு கேப்பேன். 'என் கண்ணுதாண்டி உன்னைப் பார்த்துச் செஞ்சது'ம்பார். எல்லாத்தையும் தலைகீழாச் சொல்றதுல அவருக்கு ஒரு சந்தோஷம்."

செக்கர் சிரிக்கவில்லை. நிற அட்டையை வாங்கி, விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஜாடை வரும். நகல் வராதே" என்று முணுமுணுத்தார். பிறகு, "ஆல்பம் இருக்கா? ராத்திரியில, ஃபிளாஷ் போட்டு எடுத்த படமாப் பார்த்துக் குடு."

பழைய ஆல்பம் வந்தது. பிறந்தநாள், கடைத் திறப்பு, யாருடைய வீட்டு விருந்தோ. ஃபிளாஷ் வெளிச்சத்தில் எல்லாருடைய கண்மணியும் சிவப்புப் பொட்டாக மின்னியது.

"பேய்ப் படம் மாதிரி இருக்கு" என்றான் தகரம்.

"ஃபிளாஷ் கண்ணுக்குள்ள போய், உள்ளே இருக்கற ரத்த நிறத்தைக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வரும். அதான் சிவப்பு. முதலாளியைப் பாரு."

தகரம் பார்த்தான். கருவிழியில் சிவப்பு. பச்சை விழியில் இல்லை. அடுத்த படம், அதுவும் அப்படியே. பக்கம் பக்கமாகப் புரட்டினான். பச்சைக் கண் ஒரு படத்தில்கூடச் சிவக்கவில்லை.

"ஏம்மா, உங்க அப்பா தண்ணி ஊத்தும்போது ஜாடியோட வாயை டம்ளர் விளிம்புல முட்டவெச்சுத்தான் ஊத்துவாரா?"

மகள் திடுக்கிட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? இல்லேன்னா வெளியில கொட்டிடுவார். பச்சைக் கண்ணுல பார்வை கம்மி. சின்ன வயசுல அடிபட்டதாம்."

"அவ்வளவுதான். தகரம், வண்டியை எடு. மாலைக்குள்ள திரும்பணும்."

*

பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சந்தின் கடைசியில் இருந்தது அந்தப் பட்டறை. சுற்று வட்டாரத்துக்கே செயற்கைக் கண் செய்வது இங்கே மட்டும்தான். உள்ளே நுழைந்ததும் தகரம் இரண்டடி பின்வாங்கினான். தட்டுத் தட்டாகக் கண்கள். அத்தனையும் அவனையே பார்த்தன.

"என் கல்யாணப் பேச்சுல பொண்ணு வீட்டுக்காரங்க பார்த்த பார்வை சார் இது."

ஜன்னலோரம் ஒரு அம்மாள், ஒற்றை மயிர் பிரஷால் ஒரு விழிக்கு நரம்பு வரைந்துகொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. மூக்கு நுனியில் கண்ணாடி, அதற்குமேல் கோபம். அக்கம்பக்கத்தில் அவருக்குக் கண்காரம்மா என்று பெயர்.

"வாடிக்கையாளர் விஷயம் எதுவும் கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்" என்றார் எடுத்த எடுப்பில்.

"கேக்கலை. இதைத் திருப்பிக் குடுக்க வந்தேன்." செக்கர் அந்த ரப்பர் சாமானை மேஜைமேல் வைத்தார். "இரு நிறக் கண் கடை முதலாளியோடது. அவர் காலமாயிட்டார்."

பிரஷ் நின்றது.

"போயிட்டாரா?" கண்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "கண்ணை வெளியில எடுக்கிற ரப்பர் இது. நான் குடுத்ததுதான்."

"அய்யோ சார்! அப்படின்னா அவரோட பச்சைக் கண்ணு..." தகரத்தின் குரலில் தட்டுகளில் இருந்த கண்கள் கிடுகிடுவென ஆடின.

"இந்தச் சத்தக்காரரை வெளியில நிக்கச் சொல்லுங்க. நான் நரம்பு வரையறதா வேண்டாமா?"

தகரம் வெளியேற்றப்பட்டான். கதவின் கண்ணாடி வழியாக மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தான். கண்காரம்மா ஏதோ சொன்னார். செக்கர் ஏதோ கேட்டார். கண்காரம்மா எழுந்துபோய், பரண்மேல் இருந்து ஒரு சின்னத் தகரச் செப்பை எடுத்துத் தூசி தட்டினார். அவர் பேசப் பேச, கைகள் ஏதோ ஒன்றைத் தாலாட்டுவது போல அசைந்தன.

செக்கர் தொப்பியைக் கழற்றினார்.

அவர் தொப்பியைக் கழற்றியதாகத் தகரம் கேள்விப்பட்டது ஒரே ஒரு தடவை. வேலையில் இருந்த காலத்தில், பரிசோதனைக்குப் போன ரயில் பெட்டியில் ஒரு கிழவர் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடியே இறந்துபோயிருந்த அன்றைக்கு.

காரில் ஏறியதும் தகரம் ஆரம்பித்தான். "அப்போ முதலாளிக்கு ஒரு கண்ணு செயற்கை. அதான் படத்துல சிவக்கல, தண்ணி ஊத்தத் தூரம் தெரியல. செயற்கைக் கண்ணு எப்படி சார் பிள்ளைக்கு வரும்? பொய்ப்பல்லு கட்டினவனுக்குப் பொய்ப்பல்லோட குழந்தை பிறக்குமா? புது அண்ணன் காலி!"

"ம்."

"என்ன 'ம்'? கேஸ் முடிஞ்சுது! வீட்டம்மாவுக்கு இது தெரியாம இருக்குமா? தெரிஞ்சே அவனை உள்ளே விட்டிருக்காங்க. கூட்டுக் களவாணித்தனம் சார், நான் அப்பவே சொன்னேன்."

"தெரிஞ்சே விட்டாங்கங்கறது வரைக்கும் சரி."

"மீதி? அந்தச் செப்புல என்ன?"

"மீதி நம்ம டிக்கெட் இல்லைடா. அது யாருதோ அவங்கதான் காட்டணும்." செக்கர் சட்டைப்பையை ஒரு கையால் மூடிக்கொண்டார். "கேட்டுக்கோ. அங்கே போய் லென்ஸை மட்டும் வெளியில கொண்டு வருவோம். செயற்கைக் கண் பேச்சே எடுக்கக் கூடாது. புரிஞ்சுதா? மூச்சு விடாத."

"நான் என்னிக்கு சார் வாயைத் திறந்திருக்கேன்?" என்றான் தகரம். சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

*

அவர்கள் நுழைந்தபோது கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல், சாட்சிக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர், சுவரோரம் இறுகிப்போய் மகள். நடு நாற்காலியில் புது அண்ணன். வீட்டம்மாவின் மடியில் சாவிக்கொத்து இருந்தது. அதை அவர் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் செக்கர். "ரூம்ல மருந்து பாதியில விட்டுட்டோம். தகரம்!"

தகரம் குழாயைத் தூக்கினான். புது அண்ணனின் கை வலது கண்ணுக்குப் பறந்தது.

"பார்த்தீங்களா வக்கீல் சார்? மருந்து வந்தா யாரும் ரெண்டு கண்ணையும் மூடுவாங்க. இவர் ஒரு கண்ணைத்தான் மூடறார். ஏன்னா அந்த ஒண்ணுதான் காசு குடுத்து வாங்கினது."

"என்ன உளறல் இது?"

"வெறும் தண்ணிதான் தம்பி. கையை எடுங்க."

எடுக்கவில்லை. தகரம் பீச்சினான். தண்ணீர் விரல் இடுக்கில் புகுந்தது. புது அண்ணன் பதறிக் கண்ணைக் கசக்கினான். கையை எடுத்தபோது பச்சை வட்டம் வெள்ளை விழியின் மூலைக்கு நகர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் அழுத்தமான கருவிழி.

பக்கத்துக் கடைக்காரர்களில் ஒருவர், "அடப்பாவி!" என்றார்.

மகள் எழுந்துவிட்டாள். "போர்டைப் பார்த்துதானே வாங்கின?"

புது அண்ணன் திணறியது ஒரு வினாடிதான். லென்ஸை எடுத்துக் கைக்குட்டையில் மடித்தான். அமைதியாகச் சிரித்தான். "ஆமா, போட்டேன். எனக்கு ரெண்டு கண்ணும் கருப்பு. அதனால என்ன? அப்பாவுக்கு ஒரு கண்ணு கருப்பு இல்லையா? தங்கச்சிக்குப் பச்சை போச்சு, எனக்குக் கருப்பு வந்துச்சு. வெறும் கையோட வந்தா நம்ப மாட்டீங்கன்னுதான் லென்ஸ். கண்ணு பொய்யா இருக்கலாம், பிள்ளை நிஜம். அம்மா, நீங்க சொல்லுங்க."

எல்லாரும் வீட்டம்மாவைப் பார்த்தார்கள். அவர் சாவியை மெல்ல முன்னால் நீட்டினார்.

தகரத்துக்குப் பொறுக்கவில்லை. கண் எதிரே கேஸ் கைநழுவுகிறது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என்னய்யா கதை விடற? முதலாளி கண்ணே செயற்கை! செஞ்ச இடத்துக்கே போய்ட்டு வந்தோம். பிள்ளையா இருந்தா அது உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்காது?"

கூடம் முழுக்க அந்தக் குரல் போய் மோதித் திரும்பியது. செக்கர் கண்களை மூடிக்கொண்டார். வீட்டம்மாவின் கையிலிருந்த சாவிக்கொத்து தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் தகரத்துக்கு உறைத்தது, தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று. என்னவென்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

தெரிவித்தது புது அண்ணன்.

"செயற்கையா?" அவன் மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தான். தோற்றவன் முகத்தில் ஒரு விஷம் ஏறியது. "அப்போ முதலாளிக்கு நிஜத்துல கருங்கண்ணு. அம்மாவுக்கும் கருங்கண்ணு. சரி, நான் போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தத் தங்கச்சிக்குப் பச்சைக் கண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

பக்கத்துக் கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை போதும். நாளைக்குள் தெரு முழுக்கப் போய்விடும்.

மகளின் கை தானாக எழுந்து தன் கண்ணுக்கருகே போனது. "அம்மா?"

"நான் பதில் சொல்றேன்" என்றார் செக்கர். புது அண்ணன் முன்னால் போய் நின்றார். டிக்கெட் இல்லாதவன் முன்னால் நிற்பது போலவே. "இந்தக் கேஸ் கைக்கு வந்ததுமே நேத்து ஒரு கண் டாக்டர்கிட்ட உக்காந்து தெரிஞ்சுக்கிட்டேன். எனக்குப் புரிஞ்ச பாஷையில சொல்றேன். கருப்பு நிறம் டிக்கெட் வாங்கிக்கிட்டு ஜன்னலோரமா உக்காந்து வரும். எல்லாருக்கும் தெரியும். பச்சை, சீட்டுக்கு அடியில ஒளிஞ்சு வரும். தாத்தாவோட தாத்தா காலத்துல ஏறியிருக்கும். தலைமுறை தலைமுறையா யார் கண்ணுலயும் படாம வரும். அப்பா பக்கம் ஒளிஞ்சு வந்ததும் அம்மா பக்கம் ஒளிஞ்சு வந்ததும் ஒரே குழந்தைகிட்ட சேர்ந்துச்சுன்னா, அன்னிக்கு அது எழுந்து நிக்கும். கருங்கண் தம்பதிக்குப் பச்சைக் கண் குழந்தை பிறக்கறது ஒண்ணும் அதிசயமில்ல. உன் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். இறங்கு, உன் ஸ்டேஷன் வந்தாச்சு."

வக்கீல் கதவைத் திறந்துவிட்டார். புது அண்ணன் போனான். போகிற போக்கில் சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு கூடத்திலேயே தங்கிவிட்டது. செக்கர் சொன்னது விளக்கம்தான். விளக்கம் ஒரு மகளுக்குப் போதுமா?

"அவர் கண்ணு செயற்கைன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் மகள். "அவன் வந்த அன்னிக்கே அவன் பொய்யின்னு தெரியும். தெரிஞ்சும் கடையைத் தூக்கிக் குடுக்கப் பார்த்தீங்க. டெஸ்ட் வேண்டாம்னீங்க. ஏம்மா? பயமா?"

"பயம்தான்." வீட்டம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அவனைப் பொய்யின்னு சொல்லணும்னா உங்க அப்பா கண்ணைப் பத்திச் சொல்லணும். அதைச் சொன்ன அடுத்த நிமிஷம் இந்தக் கேள்வி வரும். டெஸ்ட் நாளைக்கே வெச்சுக்கோ, எனக்கு அதுல பயமே இல்ல. நீ அவர் பொண்ணு. நான் பயந்தது பதிலுக்கு இல்லடி. அந்தக் கேள்வி உன் காதுல விழறதுக்கு. அதுக்குக் கடை போனாப் போகுதுன்னு நினைச்சேன்."

தகரம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். முதுகில் இருந்த டப்பா கனத்தது.

செக்கர் பையிலிருந்து தகரச் செப்பை எடுத்து வீட்டம்மாவின் கையில் வைத்தார். "கண்காரம்மா குடுத்தனுப்பினாங்க. உங்ககிட்ட சேர்க்கச் சொன்னாங்க. திறக்கறதும் திறக்காததும் உங்க இஷ்டம்."

வீட்டம்மா திறந்தார்.

பஞ்சுக்கு நடுவே ஒரு கண். பச்சை இல்லை. நல்ல அடர்ந்த கருப்பு.

"இது யாரோடது?" மகள் குனிந்தாள்.

"உங்க அப்பாவோடது. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே இதைத்தான் போட்டிருந்தார். ரெண்டு கண்ணும் கருப்பா, ஒரே மாதிரி இருக்கும். பார்க்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது." அவர் அந்தக் கருங்கண்ணை விரலால் தொட்டார். "நீ பிறந்தே. கண்ணு சாம்பலா இருந்துச்சு. குழந்தைக்கு அப்படித்தான் இருக்கும், போகப் போகக் கறுத்துடும்னாங்க. ஒரு வயசு வரைக்கும் பார்த்தோம். கறுக்கல. பச்சையா நின்னுடுச்சு. அந்தத் தெருவுல ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் பேச்சு நிக்கும், நான் தாண்டினதும் தொடரும். டாக்டர் இந்த சார் சொன்னதையேதான் சொன்னார். உங்க அப்பா கேட்டுட்டு வந்து சொன்னார்: 'ஊர்ல இருக்கற ஒவ்வொருத்தனுக்கும் நான் இதை எப்போ விளக்கி முடிக்கறது? என் கண்ணை மாத்தறதுன்னா ஒரே ஒரு ஆளுகிட்ட சொன்னாப் போதும்.'"

மகள் நிமிர்ந்தாள்.

"உன்னைத் தூக்கிக்கிட்டுக் கண்காரம்மாகிட்ட போனார். உன்னை மடியில வெச்சுக்கிட்டு, உன் கண்ணைப் பார்த்துப் பார்த்து நிறம் கலந்தாங்க. நீ அழுதுக்கிட்டே இருந்தே. ஒரே நாள்ல முடியல, மறுநாளும் போனோம். அப்புறம் அந்தத் தெருவுக்குத் திரும்பவே இல்ல, நேரா இங்கே வந்துட்டோம். இங்கே அவரைப் பார்த்த ஒருத்தர்கூட உன்னைப் பத்திக் கேக்கல. 'அப்பா கண்ணு அப்படியே இருக்கு'ன்னாங்க."

வீட்டம்மா செப்பை மூடி மகளின் கையில் வைத்தார்.

"அவர் தலைகீழாச் சொல்லலடி. அவர் கண்ணு உனக்கு வரல. உன் கண்ணைத்தான் அவர் கடைசி வரைக்கும் போட்டிருந்தார்."